நாடகக் கல்வியும் நெல்லை நாடும்

முன்னுரை

ஒரு கல்விச் சாலையை விட்டு மற்றொரு கல்விச் சாலைக்கு மாறுவோன், தான் முன்பு கற்றவற்றை உடன்கொண்டு செல்கின்றான். சென்ற இடத்தில் அவனை மாணவனாக ஏற்றுக் கொள்வோரும் உளர். கல்வியையோ தொழிலையோ முற்றிலும் துறந்து செல்வோனுக்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. தமிழ் நாட்டில் நாடகத்தை விரும்பிச் சென்ற இளைஞர் நெடுங்காலம் துறந்து சென்றோரே யன்றி, மாறிச் சென்றோர் அல்லர். தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் போற்றிய மக்களிடையே, மூன்றனுள் ஒன்றைக் கற்க விரும்பியவன் கல்வியைக் கைவிட்டே அதனை அடைய வேண்டியிருந்தமை வியப்புக்குரியது. இந்நிலை எங்ஙனம் ஏற்பட்டது, எங்ஙனம் ஓரளவேனும் மாறியது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருநெல்வேலிச் சீமையோடு தொடர்புடைய மூவர் வாழ்க்கை சான்றாக எடுத்துக் கொள்ளப்படுகின்றது. ஒருவர், மனோன்மணியம் இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. மற்றொருவர், தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள். மூன்றாமவர், நம் காலத்தில் வாழ்ந்து 2016ஆம் ஆண்டில் மறைந்த நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜம். நெல்லை நாடு என்று ஈண்டுக் குறிக்கப்படுவது, தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரிந்த 1986ஆம் ஆண்டிற்கு முற்பட்ட பழைய திருநெல்வேலி மாவட்டமாகும். பொருநையாற்றின் இருகரையும், அதன் தெற்கே நாங்குநேரி, திருக்குறுங்குடி வரையுள்ள பகுதியும், கிழக்கே உப்பளங்கள் நிறைந்த கடற்கரையும் அதனுள் அடங்கும்.

1. பண்டைப் பயிற்சி முறை

நாடகமும் கூத்தும் முறையாகப் பயிலத்தக்க கல்வி என்னும் கொள்கை தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இதற்குத் தக்க சான்று. மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்று அக்காதை கூறுகின்றது. அவளுக்குப் பயிற்சி தந்தோர் ஒருவர் அல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், நூற்புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் தகுதிகளும் தனித்தனியே அங்கு விரித்துரைக்கப்படுகின்றன. அரங்கின் அளவும் அகலம் ஏழுகோல், நீளம் எண்கோல், உயரம் ஒருகோல் என வரையறுக்கப்படுகின்றது. பயிலும் காலம், ஆசிரியர் தகுதி, பயிலும் பொருள், பயின்றதை ஆராய்ந்து பாராட்டும் அவை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்திருத்தலின், இதனை ஒரு பாடத்திட்டம் என்றே கூறலாம். நூற்புலவனும் தண்ணுமையாசிரியனும் ஒரே குழுவில் இடம்பெற்றிருத்தல் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. எழுத்தறிவும் ஆட்ட அறிவும் அன்று பிரிந்து நிற்கவில்லை.

நெல்லை நாட்டின் ஊர்க் கலைகளிலும் பயிற்சி முறை இருந்தே வந்துள்ளது. சுடலைமாடன் முதலிய தெய்வங்களின் கொடை விழாக்களில் மகுடம் என்னும் தோற்கருவியை முழக்கி ஆடப்பெறும் கணியான் கூத்தில், தலைமைப் பாடகரை ‘அண்ணாவி’ என்று அழைப்பர். அண்ணாவி என்னும் சொல் ஆசிரியனையும் குறிக்கும். வில்லுப்பாட்டில் தலைமை ஏற்பவரைப் ‘புலவர்’ என்பர். இப்பெயர்களே அக்கலைகள் கற்பிக்கப்பட்டவை என்பதைக் காட்டும். ஆயினும் அக்கல்வி குலத்துக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் நிகழ்ந்தது. வெளியிலிருந்து ஒருவன் மாணவனாகச் சென்று சேரும் வழி அதில் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில முறைப் பள்ளிகளும் கல்லூரிகளும் பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் பெருகியபோது, அண்ணாவியின் கல்விக்கும் அக்கல்லூரிகளின் கல்விக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் அமையவில்லை.

2. 1891ஆம் ஆண்டு

தமிழ் நாடக வரலாற்றில் 1891ஆம் ஆண்டு சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் மனோன்மணியம் அச்சேறியது. அவ்வாண்டிலேயே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். ஏறத்தாழ அதே காலத்தில், தூத்துக்குடியில் உப்புத் தொழில் நிலையம் ஒன்றில் கணக்கராயிருந்த சங்கரதாசர் தம் இருபத்து நான்காம் அகவையில் அப்பணியை விட்டு நாடகக் குழுவிற் சேர்ந்தார். இம்மூன்றும் ஒருங்கு நிகழ்ந்தமை தற்செயலே. எனினும், கற்ற ஒருவன் அக்காலத்தில் நாடகத்தை அணுகுதற்கு எத்தனை வழிகள் இருந்தன என்பதை இவை தெளிவாக்குகின்றன.

முதல் வழி, கல்லூரியில் இருந்துகொண்டே நாடகத்தை நூலாக எழுதுதல். இரண்டாம் வழி, பகலில் தம் தொழிலை நடத்தி, ஓய்வு நேரத்தில் சபையில் நடித்தல். சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கியவர். அவருடைய சபையில் பட்டதாரிகளும் அலுவலரும் ஊதியம் கருதாது நடித்தனர். மூன்றாம் வழி, யாவற்றையும் விடுத்துத் தொழில்முறைக் குழுவிற் சேர்தல். நான்காவதொரு வழி, அதாவது நாடகத்தையே பாடமாகக் கொண்டு ஒரு கல்விச் சாலையிற் பயிலும் வழி, அன்று தமிழ் நாட்டில் இல்லை. நெல்லை நாட்டோடு தொடர்புடைய முதல் இருவரும் முதலாம், மூன்றாம் வழிகளின் எல்லையில் நின்றவர்கள்.

3. கல்லூரியில் நின்ற நாடகம்

சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டில் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் பயின்று பட்டம் பெற்ற பின், 1877ஆம் ஆண்டில் திருநெல்வேலி ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைவராக வந்தார். அப்பள்ளியே இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. பாரதியாரும் புதுமைப்பித்தனும் பயின்ற கல்வி நிலையம் அது. ஏறத்தாழ ஈராண்டுக் காலமே அவர் நெல்லையில் பணியாற்றினார். அச்சிறு காலத்திலேயே பொருநைக் கரையிலுள்ள கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராகக் கொண்டார். மனோன்மணியத்தில் வரும் சுந்தர முனிவர் என்னும் பாத்திரம் அவ்வாசிரியரை நினைவிற் கொண்டு அமைக்கப்பட்டது என்பது அறிஞர் பலர் கருத்து.

நெல்லை அந்நாடகத்தின் கதைக்களமும் ஆயிற்று. ஆங்கிலக் கவிஞர் லிட்டன் பிரபுவின் கதைப்பாட்டு ஒன்றைத் தழுவியதாயினும், பாண்டியன் சீவகன் அமைச்சன் குடிலனின் சொற்கேட்டு மதுரையை நீங்கி நெல்வேலியில் கோட்டை எடுத்தலும், முனிவர் சுரங்க வழி அமைத்தலும் இம்மண்ணின் நிகழ்ச்சிகளாகவே படைக்கப்பட்டுள்ளன. ஐந்து அங்கமும் இருபது களமும் கொண்ட அந்நூல் பெரும்பாலும் ஆசிரியப்பாவால் இயன்றது. அதன் வாழ்த்துப் பாடலின் பகுதி 1970ஆம் ஆண்டில் அரசு விழாக்களுக்குரிய தமிழ்த்தாய் வாழ்த்தாகவும், 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாகவும் ஏற்கப்பட்டது.

இத்துணைச் சிறப்புடைய நாடகம் மேடையில் வாழ்ந்ததை விட வகுப்பறையில் வாழ்ந்ததே மிகுதி. படித்தற்குரிய நாடகம் என்றே அதனை ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் வகுப்பர். இதனை ஆசிரியரின் குறைபாடாகக் கொள்ளுதல் பொருந்தாது. நாடகத்தின் உறுப்புகளை இலக்கணமாக வகுத்து வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1897ஆம் ஆண்டில் ‘நாடகவியல்’ இயற்றினார். அவரும் கல்லூரிப் பேராசிரியரே. இலக்கியமும் இலக்கணமும் கல்லூரிக்குள் தோன்றிவிட்டன. அவற்றை உடலாலும் குரலாலும் சோதித்துப் பார்க்கும் அரங்கு ஒன்றும் மாணவர் குழு ஒன்றும் கல்லூரியில் பாடத்தின் பகுதியாக இல்லை. எழுதிய பேராசிரியருக்குத் தம் வரியை நடிகன் எங்கே மூச்சு விட்டு நிறுத்துவான் என்று காணும் வாய்ப்பு அமையவில்லை.

4. கல்லூரிக்கு வெளியே எழுந்த பள்ளி

சங்கரதாசர் 1867ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரர் தமிழ்ப் புலமை உடையவர். தந்தையிடம் தொடக்கக் கல்வி கற்ற இவர், பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும் பயின்றார். எனவே, கல்வி இல்லாமையால் இவர் கூத்தாடப் போனார் என்று கூறுதற்கில்லை. சீரும் தளையும் அறிந்த ஒருவர், கணக்கர் பணியின் நிலைத்த வருவாயை விட்டு, நாடகக் குழுவிற் சேர்ந்தார். கூத்தாடி என்னும் பெயர் அன்று மதிப்புக்குரியதாக இல்லை என்பதை நினைவிற் கொண்டால் இம்முடிவின் அருமை புலப்படும்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவர் புகழ் பெற்றார். அவருடைய வேடத்தைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கருச்சிதைவு நேர்ந்ததென்றும், அதன்பின் அவர் நடிப்பதை நிறுத்தி ஆசிரியப் பணியை மேற்கொண்டார் என்றும் வரலாறு வழங்குகின்றது. 1918ஆம் ஆண்டில் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யை நிறுவினார். தி. க. சண்முகமும் அவர் உடன்பிறந்தாரும் அங்கே மாணவராகச் சேர்ந்தனர். அப்போது சண்முகத்திற்கு அகவை ஆறு.

பால சபையின் அமைப்பை ஆராய்ந்தால் அது ஒரு முழுமையான பள்ளியாக இருந்தமை தெரியவரும். மாணவர் ஆசிரியரோடு ஓரிடத்தில் உறைந்தனர். பாடம் வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டது. உரையாடலும் பாட்டும் மனப்பாடமாயின. சிறு வேடத்தில் தொடங்கித் தலைமை வேடத்திற்கு உயர்தல் என்னும் படிநிலை இருந்தது. சிறுவரே பெண் வேடமும் புனைந்தனர். ‘மகரக்கட்டு’ உடையும் பருவம் வந்தால் பாட்டிற் சிறந்த சிறுவனின் நிலை இடர்ப்பாட்டிற்கு உள்ளாகும். அதுவே அப்பள்ளியின் கடுமையான தேர்வு எனலாம். பொதுப்பள்ளியிற் கற்கவேண்டிய கணக்கும் வரலாறும் அச்சிறுவர்க்குக் கிட்டவில்லை. நாடகக் கல்வி பெற்றோர் பொதுக்கல்வியை இழந்தனர். கல்லூரியினர் நாடகத்தை இழந்தது போன்றதே இவ்விழப்பும்.

சங்கரதாசரின் பணியை மதிப்பிடுதற்கு மற்றொரு சான்றும் உண்டு. தென் மாவட்டங்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கும் முறையில், வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர் ஓர் இரவுக்காக ஒன்று கூடுவர். முன்கூட்டி ஒத்திகை பார்க்கும் வழக்கம் இல்லை. வள்ளி வேடம் பூணுபவரும் முருகன் வேடம் பூணுபவரும் அன்று மாலையே முதன்முறை சந்தித்தல் கூடும். எனினும் விடியுமளவும் நாடகம் தடையின்றி நடைபெறும். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய சங்கரதாசரின் நாடகங்களை அவர்கள் அனைவரும் ஒரே பாடமாகக் கற்றிருத்தலே இதற்குக் காரணம். கட்டடமும் பட்டமும் இன்றி, ஒரு பொதுப் பாடத்திட்டம் இங்ஙனம் தலைமுறைகளைக் கடந்து நிலவுதல் அரியதோர் செய்தி. அவரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றுதல் வெறும் புகழுரை அன்று. ‘ஆசிரியர்’ என்னும் சொல் அங்கு நேர்ப்பொருளிலேயே வழங்குகின்றது. அவர் 1922ஆம் ஆண்டில் புதுச்சேரியில் மறைந்தார்.

5. பிறநாட்டு ஒப்புமை

கல்லூரிக்கும் அரங்குக்கும் இடையே நேர்ந்த இப்பிளவு தமிழ் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர், நாடகம் எழுதும் மாணவர்க்கெனத் தனி வகுப்பும், எழுதியதை நடித்துப் பார்க்கும் பட்டறையும் நடத்தினார். யூஜின் ஓநீல் அவரிடம் பயின்றவர். நாடகத்திற்கெனத் தனித் துறையும் அரங்கும் வேண்டுமென்ற அவர் விருப்பம் ஹார்வர்டில் நிறைவேறவில்லை. 1925ஆம் ஆண்டில் அவர் யேல் பல்கலைக் கழகத்திற்கு மாறி, அங்கு நாடகத் துறையைத் தொடங்கினார். பிட்சுபர்க்கிலுள்ள கார்னெகி தொழினுட்ப நிறுவனம் அதற்கு முன்னரே, 1914ஆம் ஆண்டில், நாடகத்திற்குப் பட்டக் கல்வியை வகுத்திருந்தது.

அந்நாட்டின் சிறிய பொதுக்கலைக் கல்லூரிகளிலும் நாளடைவில் நாடகம் ஒரு பாடமாக ஏற்கப்பட்டது. மெய்யியலோ வரலாறோ கற்கும் மாணவன் அதே வளாகத்தில் நாடகமும் கற்கலாம். ஒரு கல்லூரியில் பெற்ற மதிப்பெண் தகுதியை மற்றொரு கல்லூரிக்கு எடுத்துச் செல்லவும் இயலும். நாடகத்தை நாடி மாறுவோன் அங்குத் தன் முன்னைக் கல்வியை இழப்பதில்லை. மாணவர் தொகை சிறிதாயிருத்தலின், எழுதுவோன், நடிப்போன், விளக்கு அமைப்போன் ஆகிய அனைவரும் ஒருவரை ஒருவர் அறிந்து பணியாற்ற முடிகின்றது. சங்கரதாசரின் பால சபையில் இருந்த உறையுள் வாழ்க்கையும், சுந்தரம் பிள்ளையின் கல்லூரியில் இருந்த நூற்பயிற்சியும் ஓரிடத்தில் அமைந்தால் எவ்வாறு இருக்குமோ, அதனை ஒத்தது அம்முறை எனலாம்.

இந்தியாவில் இவ்வகை முயற்சி விடுதலைக்குப் பின்னரே உருப்பெற்றது. 1959ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமி தில்லியில் தேசிய நாடகப் பள்ளியை நிறுவியது. 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராயிருந்த இப்ராகிம் அல்காசி, உலக நாடக இலக்கியம், நடிப்பு, அரங்க அமைப்பு, ஒளியமைப்பு, ஒப்பனை ஆகியவற்றை ஒருங்கிணைத்த பயிற்சியை வளர்த்தார். நான்காவது வழி அங்ஙனம் திறந்தது. ஆனால் அது தில்லியில், பெரிதும் இந்தி மொழி வழங்கிய பள்ளியில் திறந்தது.

6. நாங்குநேரியிலிருந்து தில்லிக்கு

சே. இராமானுஜம் 1935ஆம் ஆண்டில் நாங்குநேரியில் பிறந்தவர். வானமாமலை என்று வைணவர் போற்றும் திருப்பதி அவ்வூர். நாட்டார் கதைப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்த ஆராய்ச்சியாளர் நா. வானமாமலையும் அவ்வூரினரே. இராமானுஜம் தொழிலால் ஆசிரியர். பணியாற்றிய இடம் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம்.

காந்திகிராமத்தின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். 1947ஆம் ஆண்டில் மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் அதனைத் தோற்றுவித்தனர். சௌந்தரம், திருக்குறுங்குடியிற் பிறந்த தி. வே. சுந்தரம் ஐயங்காரின் மகள். 1956ஆம் ஆண்டில் அங்குக் கிராமியக் கல்வி நிறுவனம் அமைந்தது; 1976ஆம் ஆண்டில் அது நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று. ஆதாரக் கல்விக் கொள்கையின்படி கைத்தொழிலும் ஏட்டுக் கல்வியும் அங்கே பிரித்தறியப்படவில்லை. நூற்றலையும் உழவையும் கல்வியாக ஏற்ற ஓரிடம், நடித்தலையும் கல்வியாக ஏற்றல் அரிதன்று. அவ்விடத்து ஆசிரியர் ஒருவர் 1960களில் தேசிய நாடகப் பள்ளிக்கு மாணவராகச் சென்றதும், பயிற்சி முடிந்து காந்திகிராமத்திற்கே மீண்டதும் இவ்வகையில் இயல்பாகப் பொருந்துகின்றன.

சங்கரதாசரின் செலவோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். உப்பளக் கணக்கர் தம் பணியைத் துறந்தார். அப்பணி அவரை மீண்டும் ஏற்றிருக்க வாய்ப்பில்லை. ஆசிரியர் இராமானுஜமோ கற்பித்தல் தொழிலை விடாமலே நாடகத்திற்கு மாறினார். அவர் தில்லியிற் கற்றது வகுப்பறைக்கும் பயன்பட்டது. சிறுவர் நாடகத்தில் அவர் காட்டிய ஈடுபாடு இதற்குச் சான்று. இழப்பு எதுவும் இல்லை என்றும் கூறுதற்கில்லை. தமிழ் நாடகத்தைக் கற்கப் புறப்பட்ட ஒருவர், தமிழ் வழங்காத பள்ளியிற் பயின்று, பயின்றதைத் தமிழ் மரபோடு பொருத்தும் பணியைப் பின்னர்த் தாமே தனித்துச் செய்ய வேண்டியிருந்தது.

அப்பணி 1977ஆம் ஆண்டில் வெளிப்படையாகத் தொடங்கியது எனலாம். தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு காந்திகிராமத்தில் அவ்வாண்டு நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறை, தமிழ் நவீன நாடக வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகின்றது. அதிற் பங்கு கொண்டவர்களுள் ஒருவரான மு. இராமசுவாமி அடுத்த ஆண்டே மதுரையில் ‘நிஜ நாடக இயக்க’த்தைத் தொடங்கினார். சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை தோன்றியதும் 1977ஆம் ஆண்டே. கேரளத்தில் கோழிக்கோடு பல்கலைக் கழகத்தின் சார்பில் ஜி. சங்கரப் பிள்ளை திருச்சூரில் நிறுவிய நாடகப் பள்ளியும் அவ்வாண்டினதே. அப்பள்ளியில் இராமானுஜம் சில ஆண்டுகள் ஆசிரியராயிருந்தார். பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்து நாடகத் துறைக்குத் தலைவரானார். கிரேக்க நாடக ஆசிரியர் யூரிபிடீசின் நாடகம் ஒன்றைத் தமிழ் ஒப்பாரி மரபோடு இணைத்து அவர் ஆக்கிய ‘வெறியாட்டம்’ இக்காலத்து நாடக ஆக்கங்களுள் சிறந்த ஒன்றாகப் பேசப்படுவது.

7. திருக்குறுங்குடியில் ஒரு சோதனை

இவ்வாறு மாறிக் கற்ற கல்வி, புறப்பட்ட மண்ணிற்கு யாது பயன் தந்தது? இவ்வினாவிற்கு விடை திருக்குறுங்குடி நம்பி கோயிலிற் கிடைக்கின்றது. கார்த்திகைத் திங்கள் வளர்பிறை ஏகாதசியில் அங்கு ஆடப்பெறும் கைசிக புராண நாடகம் பழைமை வாய்ந்தது. பாணர் குலத்தினனான நம்பாடுவான், நம்பியைப் பாடிப் பரவ இரவில் செல்கையில் பிரமராட்சசன் ஒருவன் அவனைப் பிடித்து உண்ண முற்படுகின்றான். பாடிவிட்டு மீள்வேன் என்று நம்பாடுவான் பல சூளுரைகள் செய்து விடைபெறுகின்றான். கோயிலின் உட்புகும் உரிமை இல்லாத அவனுக்குத் தன் திருவுருவைக் காட்டும்பொருட்டு நம்பி கொடிமரத்தை விலகச் செய்கின்றான். பாடி முடித்தவன் சொன்ன சொல் தவறாது மீள்கின்றான். முடிவில், முற்பிறப்பில் வேள்வியிற் பிழைசெய்த அந்தணனாகிய அவ்வரக்கனுக்குத் தான் பாடிய கைசிகப் பண்ணின் பயனை அளித்து விடுதலை தருகின்றான்.

கோயிற் பெண்டிர் வழிவழியாகக் காத்து வந்த இக்கலை, அவ்வமைப்பு 20ஆம் நூற்றாண்டில் மறைந்தபோது, நலிவுற்றது. 1999ஆம் ஆண்டில் அனிதா இரத்தினத்தின் அரங்கம் அறக்கட்டளை அதனைப் புதுப்பிக்க முனைந்தபோது, நெறியாளராக அமைந்தவர் சே. இராமானுஜம். அவர் பிறந்த நாங்குநேரி திருக்குறுங்குடிக்கு அண்மையிலுள்ள ஊர். ஆட்ட அமைப்பில் தஞ்சைப் பகுதிக் கலைஞர் ஏரம்பநாதன் துணை நின்றார். அதன்பின் ஆண்டுதோறும் கைசிக ஏகாதசியில் அந்நாடகம் நடைபெற்று வருகின்றது.

இப்பணிக்கு எத்தகைய அறிவு வேண்டும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். புராணத்தையும் அதன் உரையையும் கற்றுப் பாடம் தேர்தல் வேண்டும். இது சுந்தரம் பிள்ளை போன்றாரின் கல்வி. பாட்டும் ஆட்டமும் உரையாடலும் கலைஞர் நினைவிலிருந்து பெறப்பட்டு, மீண்டும் உடலிற் பயிற்றப்படுதல் வேண்டும். இது சங்கரதாசர் போன்றாரின் கல்வி. கோயில் மண்டபத்தின் இடமும் ஒளியும் காண்போர் நிற்கும் நிலையும் அறிந்து அரங்கை அமைத்தல் வேண்டும். இது நாடகப் பள்ளியின் கல்வி. மூன்றில் ஒன்று குறையினும் முயற்சி நிறைவேறாது. ஏடு மட்டும் அறிந்தவர் கையில் அது பதிப்பு நூலாக நின்றிருக்கும். ஆட்டம் மட்டும் அறிந்தவர் கையில் பாடம் சிதைந்திருத்தல் கூடும். 1891ஆம் ஆண்டில் இரு வேறு வழிகளில் பிரிந்து நின்ற அறிவுகள், ஒரு நூற்றாண்டு கழிந்தபின், பழைய நெல்லைச் சீமையின் கோயில் ஒன்றில் ஒருங்கு செயற்பட்டன என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நாடகத்தைக் கற்பித்தல் தமிழர்க்குப் பழைய வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லூரிகள் நாடக நூலை ஏற்று நாடகப் பயிற்சியைப் புறத்தே நிறுத்தின. அதனால் பேராசிரியர் அரங்கை இழந்தார்; நடிகர் பொதுக்கல்வியை இழந்தார். நாடகத்தை மாறிச் சென்று கற்கத்தக்க பாடமாக ஏற்ற பள்ளிகளும், அத்தகைய மாற்றத்திற்கு இடம் தந்த காந்திகிராமம் போன்ற சிறு கல்வி நிலையங்களும் அப்பிளவை ஒருவாறு நிரப்பின.

பல்கலைக் கழகங்கள் இவ்விருவர்க்கும் பெயரளவில் நன்றி செலுத்தியுள்ளன. 1990ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் தோன்றிய பல்கலைக் கழகம் மனோன்மணியம் சுந்தரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சங்கரதாசர் மறைந்த புதுச்சேரியில், 1980களின் இறுதியில், இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்று வளர்த்த பல்கலைக் கழக நாடகப் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கணக்கர் பணியைத் துறந்து கூத்தாடச் சென்றவரின் பெயரால் முதுகலை மாணவர் பட்டம் பெற்றனர் என்பது வரலாற்றில் நேர்ந்த சிறந்த ஈடு.

ஆயினும் பெயர் சூட்டுதலோடு கடமை முடிவதில்லை. தமிழ்த் துறைகளில் மனோன்மணியம் இன்றும் பொருள் கூறப்பட்டுப் பாடமாக நடத்தப்படுகின்றது. அதன் ஒரு களத்தையேனும் மாணவர் எழுந்து நின்று நடித்துப் பயிலுதல் அரிது. நடித்துப் பார்ப்பின், ஆசிரியப்பாவின் எவ்வடி குரலுக்கு இசைகின்றது, எது இசையவில்லை என்பது எளிதிற் புலனாகும். ஆராய்ச்சிக்கும் அது புதிய சான்றாகும். ஸ்பெஷல் நாடகக் கலைஞரும் கணியான் கூத்தின் அண்ணாவிகளும் ஆய்வேட்டிற்குச் செய்தி தருவோராக மட்டுமே துறைகளுக்குள் வருகின்றனர். அவர்களை ஆசிரியராக வரவேற்று மாணவரைப் பயிற்றச் செய்தல், அரங்கேற்று காதை காட்டிய பழைய முறைக்கு மாறானதன்று. நூற்புலவனும் தண்ணுமையாசிரியனும் ஒரே அவையில் அமர்ந்த மரபு நம்முடையது.

நாடகம் கற்க விரும்பும் நெல்லை மாணவன் ஒருவன் தஞ்சைக்கோ புதுச்சேரிக்கோ தில்லிக்கோ செல்லலாம், செல்லுதல் இழிவன்று. அவன் கல்வியைத் துறந்து போகின்றான் என்று அவன் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணாதிருத்தலும், மீண்டு வரும்போது அவன் கற்றதைப் பயன்கொள்ளும் இடம் பொருநைக் கரையில் இருத்தலுமே வேண்டுவன. திருக்குறுங்குடி மண்டபத்தில் நிகழ்ந்தது ஒருவர் மீண்டு வந்தமையால் நிகழ்ந்தது. அங்ஙனம் மீள்வோர்க்கு இடமளித்தல் தமிழ்த் துறைகளின் கடமையாகும்.